கண்ணாயிரம் கண்ட போலீஸ்

என் மனைவி போலீஸ். சப்-இன்ஸ்பெக்டர். இதைச் சொன்னதும் கேட்பவர் முகத்தில் ஒரு மாற்றம் வரும் பாருங்கள், கல்யாணமான நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "உங்களுக்கென்ன சார், எங்க போனாலும் ராஜ மரியாதை" என்பார்கள். மண்ணாங்கட்டி. பால் பூத்திலிருந்து பல் டாக்டர் வரை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வரிசைதான். அரசிக்கு, அதாவது மங்கையர்க்கரசிக்கு, ஒரு வரிசையைக் கண்டால் அதன் வால் எங்கே இருக்கிறது என்று தேடிப் போய் நிற்கத்தான் தெரியும். யூனிஃபார்ம் போட்டிருந்தாலும் அப்படித்தான். அதனால்தான் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அவள் கண்ணெதிரிலேயே பாலத்தைத் தாண்டிப் போனார்கள். இந்தக் கதையைச் சொல்லும்போதே எனக்கு எரிச்சல் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண்ணாயிரம். கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் ஏதோ இங்கிலீஷ் சுருக்கம். ஊர் முழுக்கக் கண் இருப்பதால் நல்லாற்றூர் ஜனங்கள் கண்ணாயிரம் என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. சிக்னல், ஆற்றுப் பாலம், மார்க்கெட், ஆஸ்பத்திரி வாசல் என்று எங்கே பார்த்தாலும் ஒரு மஞ்சள் தடுப்புக் கம்பி, அதன் மேல் ஒரு கண். உங்கள் முறை வந்தால் கம்பி எழும்பும். கோட்டைத் தாண்டி நின்றால் உங்கள் பெயரைச் சொல்லி நாலு பேர் முன்னால் ஸ்பீக்கரில் கண்டிக்கும், அபராதமும் தானாகப் போய்விடும். நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். கோட்டுக்குப் பின்னால் நில், கோட்டுக்குப் பின்னால் நில் என்று கத்திக் கத்தித் தொண்டை போன ஆள். எனக்குப் பரம சந்தோஷம்.

சந்தோஷம் கொஞ்ச நாள்தான் இருந்தது. போலீசுக்கு மட்டும் விலக்கு என்று வந்தது. கடமைக்குப் போகிறவர்களை நிறுத்தக்கூடாதாம். நியாயம்தானே என்று எல்லோரும் தலையாட்டினோம். அதற்கப்புறம் நடந்ததைப் பார்க்க வேண்டுமே! போலீஸ்காரர் பைக்கில் பிரியாணிப் பொட்டலத்தோடு வருவார், "வணக்கம் ஐயா" என்று கண்ணாயிரம் கம்பியைத் தூக்கும். போலீஸ்காரர் மனைவி பட்டுப்புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் தேடிப் போவார், "வணக்கம் அம்மா." அவர்கள் வீட்டுப் பையன் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஒன்வேயில் எதிரே வருவான், அவனுக்கும் வணக்கம். பிரசவ வலியில் ஒரு பெண் ஆட்டோவில் துடித்துக்கொண்டிருக்க, ஆஸ்பத்திரி கம்பி ஓர் ஏட்டையாவின் மச்சினருக்காக எழும்பியது. அவர் உள்ளே போனது கேன்டீன் காபிக்கு. புகார் எழுதினோம், மாறி மாறி எழுதினோம். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: 'தங்கள் புகார் உரிய நடவடிக்கைக்காகக் காவல் துறைக்கே அனுப்பப்பட்டுள்ளது.' படித்ததும் போனைத் தரையில் அடிக்கலாம் போலிருக்கும்.

இத்தனைக்கும் நடுவில் என் மனைவிக்கு மட்டும் அந்தக் கம்பி ஒருநாளும் எழும்பவில்லை. "ஏதோ கோளாறு, எழுதிப் போட்டிருக்கேன்" என்பாள். நின்று போக அவளுக்குச் சிரமமும் இல்லை. அதனால் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆதிரை என்று ஒரு பெண். நர்சிங் முடித்தவள், மேஜர். தான் விரும்பியவனைப் பதிவுத் திருமணம் செய்யப்போவதாகச் சொன்னதும், அவளை வளர்த்த தாய்மாமன் குருமூர்த்தி அவளை வெட்டிப்போடுவேன் என்றாராம். கல்குவாரி முதலாளி, சொன்னால் செய்கிறவர். அவள் ஸ்டேஷனுக்கு வந்தபோது அவளை உட்காரச் சொன்னது அரசி ஒருத்திதான். தன் நம்பரைக் கொடுத்து, "எந்த நேரமானாலும் கூப்பிடு, உடனே வந்துர்றேன்" என்று அனுப்பினாள்.

ஒரு மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் கூப்பிட்டாள். "அக்கா, மாமா ஆளுங்களோட வந்துட்டாரு, கதவ ஒடைக்கிறாங்க" என்றாள். அத்தோடு போன் நின்றுவிட்டது. அரசி ஸ்டேஷனுக்குப் பேசினாள். ஜீப் இல்லை. இன்ஸ்பெக்டர் சாமிதுரை வீட்டுக் காதுகுத்துக்கு வாழையிலை ஏற்றிவரப் போயிருந்தது. இதை நான் கற்பனை செய்யவில்லை, ஸ்டேஷன் ரைட்டர் அப்படியேதான் சொன்னார். கை கழுவக்கூட நேரமில்லாமல் என் டிரைவிங் ஸ்கூல் காரை எடுத்தேன். தலையில் எல் போர்டு, பக்கத்தில் யூனிஃபார்மில் எஸ்.ஐ.

பாலத்தில் நீள வரிசை. அரசி இறங்கி ஓடி, கண்ணுக்கு நேரே நின்று, "நான் எஸ்.ஐ., அவசரம், கம்பியத் தூக்கு" என்றாள்.

"வணக்கம் சகோதரி. தங்கள் முறை வரும்வரை காத்திருக்கவும்" என்றது கண்ணாயிரம், அத்தனை இனிமையாக.

அப்போதுதான் எதிர்க்கரையிலிருந்து ஒரு கருப்பு ஜீப் வந்தது. ராங் சைடில், விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு. குருமூர்த்திதான் ஓட்டினார். கம்பிக்கு முன்னால் அவர் பிரேக்கைத் தொடக்கூட இல்லை. "வணக்கம் ஐயா" என்று கம்பி எழும்பியது. பின் சீட்டில் இரண்டு தடியர்களுக்கு நடுவில் ஆதிரை கண்ணாடியில் கையை அறைந்துகொண்டு போனாள். அரசி ஜீப்பின் கைப்பிடியை எட்டிப் பிடித்து, கொஞ்ச தூரம் கூடவே ஓடி, விழுந்தாள். நான் காரைத் திருப்பப் பார்த்தேன். "வாகனம் வரிசையை விட்டு விலகுகிறது" என்று என் பெயரைச் சொல்லி ஸ்பீக்கர் கத்தியது. பின்பக்கக் கம்பியும் இறங்கிவிட்டது. முழங்காலில் ரத்தத்தோடு அரசி நடுரோட்டில் நின்றாள். சுற்றியிருந்தவர்கள், போலீசுக்கே இந்தக் கதியா என்று கேட்கவில்லை. "நல்லா வேணும்" என்றார் ஒரு ஸ்கூட்டர்காரர். அவரைக் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

ஜீப் எங்கே போனது என்று கண்ணாயிரத்திடம் கேட்டால் தெரிந்துவிடும் என்றுதான் நினைத்தோம். மறுநாள் இன்ஸ்பெக்டர் சாமிதுரை அவளைக் கூப்பிட்டு ஒரு மெமோ கொடுத்தார். அவர் சொன்னதை அரசி எனக்கு அப்படியே ஒப்பித்தாள்.

"ஏம்மா, சம்பவ எடத்துக்கு நீ போகவே இல்லையாமே? கண்ணாயிரத்துல பார்த்தாச்சு. அந்த நேரத்துல பாலத்துல எந்த எஸ்.ஐ.யும் வரலைன்னு இருக்கு."

"ஐயா, அந்த ஜீப்பு?"

"அது போலீஸ் வண்டின்னு இருக்கு. டூட்டியில போயிருக்கு. அதோட படம் எதுவும் இருக்காது. நம்மாளுங்க பாதுகாப்புக்குத்தான எடுக்கக் கூடாதுன்னு வச்சிருக்கோம்?"

தூக்கியவன் போலீஸ். துரத்தியவள் பொதுஜனம். இதைக் கேட்ட ராத்திரி நான் தூங்கவில்லை. அரசி தூங்கினாளா என்று கேட்கவும் பயமாக இருந்தது.

கண்ணாயிரத்தைப் பராமரிக்கும் கம்பெனியில் ஜெரோம் என்று ஓர் இன்ஜினியர். என்னிடம் கார் ஓட்டக் கற்றவன். ரிவர்ஸ் மட்டும் இன்றுவரை வராது. அந்த உரிமையில் வீட்டுக்கு வரவழைத்தேன். அரசியைப் பார்த்ததும் முதலில் மென்று விழுங்கினான். அப்புறம் கொட்டிவிட்டான்.

"போலீஸ்காரங்க லிஸ்ட் கேட்டோம் சார். குடுக்கல. மஃப்டியில இருக்கறவங்க பேரு வெளிய போயிரும்னாங்க. சரி, ஐடி கார்டாவது கண்ணு முன்னாடி காட்டச் சொல்லுங்கன்னோம். ஒரு பெரிய அதிகாரி மேஜையத் தட்டிட்டாரு. 'ஒரு மெஷின்கிட்ட போய் நாங்க கார்டு காட்டணுமா? எங்களப் பார்த்தாலே தெரிய வேணாமா?'ன்னாரு. அதையே வேலையா எடுத்துக்கிட்டோம். பார்த்தாலே தெரியணும். அவ்ளோதான்."

"யூனிஃபார்ம பார்த்தா தெரியாதாப்பா?" என்றாள் அரசி.

"அது வாடகைக் கடையிலயே கெடைக்குது மேடம், நம்ப முடியாது. ஊர்ல இருக்கற மொத்த போலீசோட ஒரு வருஷ வீடியோவைக் குடுத்தாங்க, எல்லார் முகத்தையும் மறைச்சு. முகம் இல்லன்னா மிச்சம் என்ன இருக்கு? நடத்தைதான். அதைப் பார்த்து மெஷின் தானா கத்துக்கிச்சு."

"என்ன கத்துக்கிச்சு?" என்றேன்.

அவன் அரசியைப் பார்த்தான். "நீங்க தப்பா நெனைக்கக் கூடாது மேடம். ஒரு வழி அடைச்சிருந்தா நாமெல்லாம் வேற வழி இருக்கான்னு பார்ப்போம் சார். அவங்க வழியப் பார்க்க மாட்டாங்க, எவன் நகரணுமோ அந்த ஆளப் பார்ப்பாங்க. கடைக்காரர்கிட்ட வெல கேக்க மாட்டாங்க. வண்டிய நிறுத்துனா திரும்பிப் பார்க்க மாட்டாங்க. இப்படி ஆயிரம் சின்னச் சின்ன விஷயம். அதெல்லாம் யாருகிட்ட இருக்கோ அவங்க போலீஸ். கூடவே இருந்து பழகுன வீட்டாளுங்களுக்கும் அது ஒட்டிக்கிச்சு. குருமூர்த்திக்கு அது பொறவியிலயே இருக்கு."

"என்னோட வீடியோவும் அதுல இருந்திருக்குமே?"

"இருந்துச்சு மேடம்." ஜெரோம் காபி டம்ளரைக் கீழே வைத்தான். "உங்கள மாதிரி இன்னும் கொஞ்சப் பேரு இருந்தாங்க. மத்ததோட ஒத்துப்போகலைன்னு மெஷின் அதையெல்லாம் பிழைன்னு கழிச்சிருச்சு."

அரசி முழங்கால் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. "அப்ப அதை மாத்தித் தொலைங்களேன்!" என்று கத்தினேன்.

"எப்படி சார்? வரிசையில நிக்கறவங்களும் போலீஸ்தான்னு சொல்லிக்குடுத்தா மொத்த ஊரும் போலீஸ் ஆயிரும். லிஸ்ட்டு குடுங்கன்னு மறுபடி கேட்டாச்சு, மறுபடி மேஜையத் தட்டியாச்சு. ஒரே வழிதான் இருக்கு." அவன் தயங்கினான். "மேடம் கொஞ்சம்... அவங்கள மாதிரி நடந்துக்கிட்டா, சீக்கிரமே மெஷின் ஒத்துக்கும்."

அடுத்த வாரம் ஆதிரை எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தது. குருமூர்த்தியின் பண்ணைவீட்டில் சமைக்கிற அம்மா ரகசியமாக அரசிக்குப் போன் பண்ணினாள். ஊருக்கு வெளியே, பணக்காரர்களின் பண்ணைவீடுகள் இருக்கும் காலனி. சுற்றிலும் மதில், வாசலில் கண்ணாயிரம். அங்கே குடியிருப்பவர்கள் போகலாம், கேட்காமல் போலீஸ் போகலாம், வேறு யாரும் போக முடியாது. சாமிதுரையிடம் சொன்னதற்கு, "குடும்ப விவகாரம், நீ மெமோவுக்குப் பதில் எழுதுற வழியப் பாரு" என்றாராம். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணுக்கும் குருமூர்த்தியின் மகனுக்கும் கல்யாணம் என்று சமையல்கார அம்மா சொல்லியிருந்தாள்.

"சொல்லிக்குடுங்க. அவங்கள மாதிரி எப்படி ஓட்டணும்?" என்றாள் அரசி.

என் தொழில் வாழ்க்கையில் அப்படி ஒரு பாடம் நடத்துவேன் என்று நான் நினைத்ததே இல்லை. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, "கோட்ட மிதி, ஏறி நில்லு" என்று என் மனைவிக்குச் சொன்னேன். "இண்டிகேட்டர் போடாத. கண்ணாடியப் பார்க்காத. பின்னாடி வர்றவன் உன்னப் பார்த்துப்பான்." அவளும் முயன்றாள், பாவம். பல்லைக் கடித்துக்கொண்டு ஹாரன் அடிப்பாள், அடித்த கையோடு வெளியே எட்டி "ஸாரிங்க" என்பாள். மார்க்கெட்டில் வரிசையில் முந்தச் சொன்னேன். முந்தினாள், முந்திய இடத்தில் நின்று திரும்பி, பின்னால் இருந்த கீரைக்காரியிடம், "ஒங்களுக்கு அவசரம்னா போங்கம்மா" என்றாள். கண்ணாயிரம் அவளுக்கு அபராதம் போட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"உனக்கு அந்தப் பொண்ணு வேணுமா வேணாமா?"

"வேணும்ங்க. அதுக்காக அந்தக் கீரைக்காரம்மா முகத்தப் பார்க்காம இருக்க எனக்கு வரலையே, நான் என்ன பண்ண?"

அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது பாலத்தில் மறுபடியும் அதே வரிசை. எனக்கு முன்னால் ஒருவன் வண்டியை ஆஃப் செய்துவிட்டு போன் பேசிக்கொண்டிருந்தான். எனக்குள் எத்தனையோ நாளாகக் குமைந்தது எல்லாம் அவன் மேல் திரும்பியது. வண்டியை நடுரோட்டில் அப்படியே விட்டுவிட்டு இறங்கி, கதவை அறைந்து சாத்தி, நேரே போய் அவன் தோளைத் தட்டினேன். "யோவ், ஒனக்குன்னு ரோடு போட்டு வச்சிருக்கா? எடுய்யா வண்டிய!" அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான், உடனே போனை வைத்துவிட்டு வண்டியை ஓரமாகத் தள்ளினான். "ஸாரி சார்" என்றும் சொன்னான்.

"வணக்கம் ஐயா" என்றது கண்ணாயிரம். கம்பி எழும்பியது.

நன்றாக இருந்தது. உண்மையைச் சொல்வதில் என்ன? வரிசையில் இருந்த அத்தனை பேரும் எனக்காக வண்டியை ஒடித்துத் திருப்பினார்கள், நான் நடுவில் போனேன், ஒரு நிமிஷம் ஊர் ரோடே எனக்காகப் போட்டதுபோல இருந்தது. பக்கத்தில் அரசி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பாலம் தாண்டிய பிறகுதான் பேசினாள்.

"நாளைக்குப் பண்ணைவீட்டுக்கு நீங்க போறீங்க."

காலனி வாசலில் கம்பியோடு ஆள் ஆளாக எண்ணி விடும் சுழல்கதவும் இருந்தது. காரை வெளியே விட்டோம். அரசிக்குக் கதவு திறக்கவில்லை, சகோதரி என்று சொல்லி நிறுத்தியது. நான் கதவைப் பார்க்கவே இல்லை. நேரே அந்தப் பக்கம் இருந்த வாட்ச்மேனைப் பார்த்து நடந்தேன். வணக்கம் சொல்லிக் கதவு சுழன்றது, வாட்ச்மேன் எழுந்து நின்று பீடியைப் பின்னால் மறைத்தார்.

"குருமூர்த்தி வீடு எதுய்யா?" என்றேன்.

"மூணாவது வீடுங்கய்யா. மொதலாளி பத்திரிகை வைக்கப் போயிருக்காருங்க."

வீட்டு வாசலில் அன்று ஜீப்பில் இருந்த தடியர்களில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவன் பார்வையில் பாதி போலீஸ் மிடுக்கு, பாதி கிண்டல். நான் நடையைக் குறைக்கவில்லை. "நீ இன்னும் இங்கதான் இருக்கியா? ஸ்டேஷனுக்கு வரச் சொன்னேன்ல?" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்த வார்த்தை, எனக்கே தெரியாது. அவன் எழுந்து வழி விட்டான். "சாவியக் குடு." கொடுத்தான். நான் யார் என்றுகூட அவன் கேட்கவில்லை, என் பெயரையும் கேட்கவில்லை.

பின்பக்க அறையைத் திறந்தேன். ஆதிரை ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சந்தோஷத்தில் அழுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன், அதுதான் என் புத்தி.

"கெளம்பு, கெளம்பு, நேரமில்ல" என்றேன்.

அவள் இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். "அடிக்காதீங்க சார். நேத்து வந்த இன்ஸ்பெக்டர் சார்கிட்டயும் சொல்லிட்டேன் சார். மாமா சொல்ற எடத்துல கையெழுத்துப் போடுறேன் சார்."

"ஏம்மா, நான் உன்னக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன்!"

குரலைத் தணித்துச் சொல்லத்தான் நினைத்தேன். வெளியே வந்தது கத்தலாக இருந்தது. அவள் இன்னும் ஒடுங்கினாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதும் எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது. அரசிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை வைத்து, தரையில் தள்ளி, எட்டப் போய் நின்றுகொண்டேன்.

"ஆதிரை, நான் அரசி அக்கா பேசுறேம்மா."

அந்தப் பெண் போனை இரண்டு கையாலும் எடுத்து வாயருகே வைத்துக்கொண்டு ரகசியமாகச் சொன்னாள்: "அக்கா, இங்க ஒரு போலீஸ் வந்திருக்காரு. பயமா இருக்கு. நீங்க சீக்கிரம் வாங்கக்கா."

"அவரு பின்னாடியே நடந்து வா. நான் கேட்டுலயே நிக்கிறேன், உள்ள விட மாட்டேங்குது. போனை வைக்காத, நான் பேசிக்கிட்டே இருக்கேன்."

அவள் எழுந்து வந்தாள். நான் முன்னால் நடந்தேன். தடியன் வணங்கினான், வாட்ச்மேன் வணங்கினார், கண்ணாயிரம் வணங்கி வெளியே விட்டது. நான் வேகத்தைக் குறைத்தால் அவளும் குறைத்தாள். கடைசிவரை என் கை எட்டும் தூரத்துக்கு வரவேயில்லை. வெளியே வந்ததும் ஓடிப்போய் அரசியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அங்கிருந்து என்னை எட்டிப் பார்த்தாள்.

அரசி அவள் தலையைத் தடவினாள். "பயப்படாதம்மா. அவரு போலீஸ் இல்ல. என் வீட்டுக்காரரு, டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்காரு."

ஆதிரை என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பொய் சொல்லாதீங்கக்கா" என்றாள்.